சங்கத்துப் பொருட்களுக்கு அடையாளம் போடுதல்: புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கு

கமக்காரர் அமைப்போ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, சனசமூக நிலையமோ, வன்னியில் எந்த ஊர் அமைப்பை எடுத்தாலும் அதற்கென்று ஒரு களஞ்சிய அறை இருக்கும். உள்ளே மருந்தடிக்கும் மெசின் நாலைந்து, மண்வெட்டி, அலவாங்கு, காட்டுக்கத்தி, தண்ணீர்ப் பம்ப், சுருட்டி வைத்த ஹோஸ், நெல் காயவிடும் படங்கு, பிளாஸ்ரிக் கதிரை, ஒரு பெரிய கிடாரம். பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறியதும் அந்த அறையின் திறப்பும் ஒரு பழைய கொப்பியும் உங்கள் கைக்கு வரும். அதோடு பொறுப்பும் வரும்.

அடுத்த கிழமையே ஒருவர் வருவார். "தம்பி, போன முறை தந்த மெசின் ஒழுகுது, வேறையொண்டு தா" என்பார். "எது அண்ணை?" என்று கேட்டால், "அதுதான், அந்த நீல மெசின்" என்பார். அறையில் நிற்கிற நாலும் நீலம். நாலில் எது ஒழுகுவது என்று யாருக்கும் தெரியாது. அதே மெசின் மறுபடி இன்னொருவர் முதுகில் ஏறும், மருந்து அவர் சட்டையை நனைக்கும்.

2009க்குப் பிறகு மீளக்குடியமர்ந்த ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. உதவி நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி மண்வெட்டி, ஒரே மாதிரி படங்கு என்று கொடுத்தன. சங்கத்துக்குக் கிடைத்ததும் அதே சாமான்தான். வேலை முடிந்து வரம்பில் சாத்திவைத்த பத்து மண்வெட்டியில் எது சங்கத்தது, எது பக்கத்து வீட்டுக்காரருடையது என்று வாக்குவாதப்படுவதைவிட, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அடையாளம் போடுவது லேசு. பெரிய காசு தேவையில்லை. ஒரு சின்ன டின் எனாமல் பெயின்ற், இரண்டு தாள் சாண்ட் பேப்பர், பழைய சைக்கிள் ரியூப், சைக்கிள் ரிம்மில் இருந்து கழற்றிய ஒரு கம்பி, ஒரு கொங்கிறீற் ஆணி, நைலோன் கயிறு. இவற்றில் பாதி வீட்டிலேயே கிடக்கும்.

பெயரைவிட நம்பர் முக்கியம்

அடையாளம் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சங்கத்தின் பெயரை எழுதுவது. அது களவைக் கொஞ்சம் தடுக்கும், பொருள் மாறிப் போனால் திரும்பி வர உதவும். ஆனால் உங்கள் நாளாந்த வேலையைச் சுலபமாக்குவது பெயர் இல்லை, நம்பர். ஒவ்வொரு பொருளுக்கும் தனி நம்பர் இருந்தால்தான் அதன் வரலாறு கொப்பியில் சேரும். 3ஆம் நம்பர் மெசின் ஐப்பசியில் வாசர் மாற்றினது, கார்த்திகையில் மறுபடி ஒழுகினது, மார்கழியில் கைபிடி தளர்ந்தது என்று மூன்று வரி ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிட்டால், அந்த மெசினைத் திருத்துவதா தள்ளுவதா என்று கூட்டத்தில் யாரும் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

ஆக, அடையாளம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யாருடையது? எத்தனையாவது? எதற்கு? மூன்றாவது கேள்வி எல்லாப் பொருளுக்கும் வராது. மண்வெட்டி மண்வெட்டிதான். மருந்து மெசினுக்கு மட்டும் அந்தக் கேள்வி பயிரைக் காப்பாற்றும் கேள்வி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள்

பெயின்ற் டின்னைத் திறக்க முன் அறையில் உள்ள எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து பரப்புங்கள். இனம் இனமாகப் பிரித்து எண்ணுங்கள். உடைந்தது, துருப்பிடித்துப் போனது, யாருடையது என்று தெரியாதது மூன்றையும் ஒரு பக்கம் வையுங்கள். யாருடையது என்று தெரியாத பொருளுக்கு அன்றே சங்கத்தின் அடையாளத்தைப் போட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் காட்டி, உரிமையாளர் இருக்கிறாரா என்று கேட்ட பிறகுதான் அது. ஊருக்குள் கசப்பு வரும் இடம் இதுதான், அதனால் அவசரப்பட வேண்டாம்.

புதிதாக ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ஒரே பக்கத்தில் பத்துப் பொருளை நிரலாக எழுதினால் பிறகு திருத்தவேலை விபரம் எழுத இடம் இராது. பக்கத்தின் தலையில் நம்பர், என்ன பொருள், எப்போது எப்படிக் கிடைத்தது. பம்ப் மாதிரி இயந்திரம் என்றால் என்ஜினில் அடித்திருக்கும் தொடரிலக்கத்தையும் எழுதுங்கள். அதைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். களவு போனால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது நீங்கள் போட்ட பெயின்ற் அடையாளத்தைவிட அந்த இலக்கம்தான் கை கொடுக்கும். பெயின்ற்றைச் சுரண்டிவிடலாம், அச்சில் அடித்த இலக்கத்தைச் சுரண்டினால் சுரண்டினது தெரியும்.

குறியீட்டைச் சுருக்கமாக வையுங்கள்

சங்கத்தின் முழுப்பெயரை எழுத நினைக்காதீர்கள். மண்வெட்டியில் அதற்கு இடமில்லை, இடமிருந்தாலும் எழுத்துச் சின்னதாகி ஒரு மழையோடு அழியும். இரண்டு எழுத்து, ஒரு நம்பர் போதும். கமக்காரர் அமைப்பு என்றால் "கஅ 7". பக்கத்து ஊரிலும் கமக்காரர் அமைப்பு இருக்கும் என்பதால் ஊரின் முதல் எழுத்தை முன்னால் சேர்த்தால் இன்னும் நல்லது. தலைவர், செயலாளர் பெயரைப் போட வேண்டாம். ஆள் மாறும், பொருள் மாறாது.

நம்பரைப் பொருள் இனத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தால் கொப்பியில் தேட வசதி. மருந்து மெசினுக்கு 1 முதல் 19 வரை, மண்வெட்டிக்கு 20 முதல் 59 வரை, கத்திக்கும் அலவாங்குக்கும் அதற்கு மேல் என்று வைத்தால், நம்பரைக் கேட்டவுடனே என்ன சாமான் என்று விளங்கும். இடையில் வெற்று நம்பர் விடுவது நல்லது, அடுத்த வருடம் புதிதாக வாங்குவீர்கள். 6ஐயும் 9ஐயும் எழுதும்போது கீழே ஒரு கோடு போடுங்கள். சாமானைத் தலைகீழாகச் சாத்தினால் 6 என்பது 9 ஆகிவிடும், 66 என்பது 99 ஆகிவிடும்.

மண்வெட்டியும் மற்ற இரும்புச் சாமானும்

எங்கே அடையாளம் போடுகிறோம் என்பது எதால் போடுகிறோம் என்பதைவிடப் பெரிய விசயம். மண்வெட்டியின் தகடு மண்ணில் உரஞ்சி உரஞ்சித் தேய்வது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கச் செம்மண்ணில் இரண்டு நாள் கொத்தினாலே தகட்டில் அடித்த பெயின்ற் மினுங்கிக்கொண்டு கழன்றுவிடும். பிடியின் நடுப்பகுதி கை பிடிக்கும் இடம், வியர்வையிலும் உரசலிலும் அதுவும் அழியும். ஆகத் தப்பியிருக்கும் இடம், பிடி நுழையும் அந்த இரும்பு வளையத்தின் வெளிப்பக்கம். அங்கே மண்ணும் குறைவு, கையும் போகாது.

அந்த வளையத்தில் கொங்கிறீற் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் புள்ளி புள்ளியாக நம்பர் போடலாம். வளையத்தின் உள்ளே ஒரு இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்துவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் வளையம் நெளியும். முதலில் சோக்கட்டியால் நம்பரை எழுதி, கோட்டின்மேல் நெல்மணி இடைவெளியில் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். 1, 4, 7 எல்லாம் நேர்கோடு, சுகமாக வரும். 8தான் பொறுமை கேட்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்யக்கூடாது. ஆணியின் தலையில் இருந்து தெறிக்கும் ஒரு பொடி போதும் கண்ணைக் கெடுக்க.

ஊரில் வெல்டிங் கடை இருந்தால் இன்னொரு வழி. வளையத்தில் துளித் துளியாக வெல்ட் வைக்கச் சொல்லுங்கள். மூன்று துளி என்றால் 3. இருட்டிலும் விரலால் தடவி எண்ணலாம். தகட்டின் வெட்டும் விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டுபோக விடாதீர்கள், சூடு ஏறினால் இரும்பின் பதம் போய் விளிம்பு மடியத் தொடங்கும். கத்திக்கும் கோடரிக்கும் இதே எச்சரிக்கைதான்.

மரப்பிடிக்குச் சூடு போடுவதுதான் சரியான வழி. வன்னியில் மாட்டுக்குக் குறிசுட்டுப் பழகிய வீடுகளில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கம்பித் துண்டை வளைத்து, வெல்டிங் கடையில் சங்கத்தின் எழுத்தாகப் பொருத்தி எடுத்தால் ஒரு தடவைச் செலவோடு வருடக்கணக்காகப் பாவிக்கலாம். எழுத்துத் தெரிவு செய்யும்போது ட, ப மாதிரி சுழி இல்லாத எழுத்தை எடுத்தால் கம்பியை வளைக்கச் சுகம், சுட்ட இடமும் கரிந்து கலங்காமல் தெளிவாகத் தெரியும். இரும்பு நன்றாகக் காய்ந்ததும் பிடியில் வைத்து மூன்று நாலு விநாடி அமத்தி எடுத்துவிடுங்கள். கூடநேரம் வைத்தால் எழுத்து அகன்று கருங்குட்டையாகிவிடும். சுட்ட இடத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் வெடிப்பு வராது.

பிடி உடையும், புதுப்பிடி போடுவீர்கள். அதனால் நம்பர் இரும்பிலும் இருக்க வேண்டும், பிடியிலும் இருக்க வேண்டும். புதுப்பிடி போட்ட அன்றே அதிலும் அதே நம்பரைச் சுட்டுவிடுங்கள்.

பெயின்ற்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால், துருவை சாண்ட் பேப்பரால் உரஞ்சி, பெற்றோலோ தின்னரோ நனைத்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, காய்ந்த பிறகு அடியுங்கள். அடித்துவிட்டு ஒரு முழுநாள் தொடாமல் விடுங்கள். முதல்நாள் பின்னேரம் அடித்து அடுத்தநாள் விடிய வயலுக்குக் கொடுத்துவிட்டு, பெயின்ற் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை.

மருந்து மெசின்: இதில்தான் முழுக்கவனம்

களைநாசினி அடித்த மெசினைச் சரியாகக் கழுவாமல் அதே மெசினால் மிளகாய்க்குப் பூச்சிமருந்து அடித்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் மிளகாய் வைத்தவர்களுக்குத் தெரியும். நெல்வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கும் எம்.சி.பி.ஏ. மாதிரியான மருந்துகள் புல்லினப் பயிரான நெல்லை விட்டுவிடும். மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் அகன்ற இலைப் பயிர். மெசினின் அடியில், ஹோஸுக்குள், வடிகட்டியில் தங்கிய சொற்ப மீதியே அவற்றின் குருத்தைச் சுருட்டி, தண்டை முறுக்கிவிடும். மாரிமழையோடு நெல் செய்யும் காலபோகத்தில் வயலுக்கும் அதற்குப் பிறகு தோட்டத்துக்கும் ஒரே மெசின் சுற்றிக்கொண்டு திரியும் சங்கங்களில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே மெசின்களை இரண்டாகப் பிரியுங்கள். களைக்கு மட்டும் சில, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் மட்டும் சில. ஒருமுறை களைக்கு என்று ஒதுக்கினது சாகும்வரை களைக்குத்தான். இந்தப் பிரிவினையைச் சொல்வதற்குத்தான் மூன்றாவது அடையாளம். அதைச் சொல்லில் எழுதுங்கள்: "களை", "பூச்சி". நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

எழுதுவதில்தான் சிரமம். இந்த மெசின்களின் தொட்டி அநேகமாகப் பொலித்தீன் இனப் பிளாஸ்ரிக். அதில் பெயின்ற் ஒட்டாது. அடித்த அன்று வடிவாக இருக்கும், ஒரு மாதத்தில் தோலாக உரிந்துவரும். மார்க்கர் பேனை வெயிலில் வெளிறிவிடும், பங்குனி சித்திரை வெயிலுக்கு எந்த மார்க்கரும் நின்றுபிடிக்காது. வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் கியூட்டெக்ஸ் உலோகத்தில் நல்லாய் நிற்கும், சின்ன எழுத்துக்குத் தூரிகையும் கூடவே வரும், ஆனால் இந்தப் பிளாஸ்ரிக்கில் அதுவும் உரியும். ஸ்ரிக்கரைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நிற்பது கீறல்தான். கீறிவிட்டு அந்தக் கீறலுக்குள் பெயின்ற்றை நிரப்புவது. செய்யும் முறை இது.

மெசினை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு தடவையும் குழாய் வழியே அடித்து வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மூடியைத் திறந்து ஒரு முழுநாள் காயவிடுங்கள். மருந்துப்பசை உள்ள பிளாஸ்ரிக்கைச் சூடாக்கினால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது, அதனால் இந்தக் கழுவலை ஒப்புக்குச் செய்யவேண்டாம். வேலையைக் காற்றோட்டமான வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி இருந்து செய்யுங்கள்.

இடத்தைத் தெரிவு செய்யுங்கள். தொட்டியின் மெல்லிய சுவரில் வேண்டாம், ஓட்டை விழுந்தால் மெசினே போய்விடும். தூக்கும் கைபிடி, அடித்தளத்தின் தடித்த விளிம்பு, மூடியின் வெளிவிளிம்பு இவை பிளாஸ்ரிக் தடிப்பான இடங்கள். சைக்கிள் கம்பியின் நுனியைக் குறடால் பிடித்துத் தணலில் காய்ச்சுங்கள். சிவந்த உடனே வைக்காதீர்கள். சிவப்பு அடங்கி இரும்பின் நிறம் திரும்பினதும் வைத்தால் பிளாஸ்ரிக் எரியாமல் இளகும், கோடு சுத்தமாக விழும். ஒரு நகத்தின் தடிப்பளவுக்குமேல் ஆழம் வேண்டாம். ஒவ்வொரு கோட்டுக்கும் கம்பியைத் திரும்பக் காய்ச்ச வேண்டிவரும், அது பரவாயில்லை. முதலில் ஒரு பழைய கானின் அடியில் நாலு எழுத்து எழுதிக் கைபழகுங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் சோல்டரிங் அயன் இருந்தால் வேலை இன்னும் லேசு.

கீறல் ஆறினதும் ஓரத்தில் மேலே எழும்பிய பிசிரைக் கத்தியால் சீவிவிட்டு, வெள்ளை எனாமலை விரலால் கீறலுக்குள் தேய்த்து நிரப்புங்கள். உடனே ஒரு கடதாசியால் மேற்பரப்பைத் துடையுங்கள். மேலே இருந்தது போய்விடும், கீறலுக்குள் இருப்பது நிற்கும். நீலத் தொட்டியில் வெள்ளை எழுத்துப் பளிச்சென்று தெரியும். மேற்பரப்பில் உரசினாலும் உள்ளே இருக்கும் பெயின்ற்றில் கை படாது.

இரண்டு இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம். பெற்றோலில் ஓடும் பவர் ஸ்பிறேயரின் எண்ணெய்த் தாங்கி, பெற்றோல் மண்ணெண்ணெய்க் கான்கள். வெறுமையாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். அடுத்தது, காற்றை முதலில் அடித்து நிரப்பிவிட்டுத் தெளிக்கும் சின்ன வகை மெசின். அதன் தொட்டி அமுக்கத்தைத் தாங்குவது, அதில் கீறலும் கூடாது சூடும் கூடாது. இவற்றுக்கெல்லாம் கழுத்தில் கயிறு கட்டி ஒரு தகரத் துண்டில் நம்பர் அடித்துத் தொங்கவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. மெசினின் மூடி, தெளிக்கும் குழாய், தோள்பட்டி எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும். கழுவும் இடத்தில் நாலு மெசினின் மூடியையும் கழற்றி ஒன்றாகக் குவித்துவிட்டு, கையில் வந்ததைப் பூட்டிக்கொண்டு போவார்கள். களை மெசினின் குழாய் பூச்சி மெசினில் ஏறினால் நீங்கள் பிரித்து வைத்ததற்கே அர்த்தம் இல்லை. மூடியிலும் அதே நம்பரைக் கீறுங்கள். குழாய்க்குப் பழைய சைக்கிள் ரியூப் போதும். விரல் அகலத்தில் வளையம் வளையமாக வெட்டி, 1ஆம் நம்பருக்கு ஒன்று, 2க்கு இரண்டு என்று மாட்டிவிடுங்கள். 5க்கு மேலே போனால் ஒரு அகல வளையத்தை 5 ஆக வைத்துக்கொள்ளலாம். வெயிலில் வெடித்தால் புதிதாக வெட்டி மாட்டுங்கள்.

களை மெசின்கள் எல்லாவற்றின் கைபிடியிலும் நைலோன் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். விடியப்புறம் இருட்டோடு மெசினைத் தூக்கும் ஆளுக்குக் கையில் சொரசொரப்புப் பட்டவுடனே இது களைக்கு உரியது என்று தெரியும். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் இது போதும்.

மருந்து வந்த போத்தலையும் கானையும் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு வடிவாக அடையாளம் போட்டாலும் அதைத் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ பாவிக்க எடுத்துவிடாதீர்கள். ஓட்டை குத்தி ஒதுக்கிவிடுங்கள்.

நிறம் தெரிவு செய்யும்போது

வன்னியில் நிறத்துக்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. சிவப்புப் பின்னணியில் மண்டையோடு போட்ட பலகை, சிவப்பு அடித்த குச்சி என்றால் மிதிவெடி. முகமாலைப் பக்கம் போய்வந்தவர்கள் அதை நேரில் பார்த்திருப்பார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் சிவப்பு ஆபத்தான பக்கத்தையும் வெள்ளை துப்புரவாக்கிய பக்கத்தையும் காட்டுவது. இங்கே வளரும் பிள்ளைகள் சிவப்புக் குச்சியைக் கண்டால் நின்றுவிடப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் கெடுத்துவிடக் கூடாது. எல்லைக் கட்டைக்கோ, ஹோஸ் போன பாதையைக் காட்டும் குச்சிக்கோ, மெசினுக்கோ சிவப்பு அடிக்காதீர்கள். மண்டையோடு கீறி "நஞ்சு" என்று எழுதும் ஆசையும் வேண்டாம். மஞ்சள், வெள்ளை, கடுநீலம் இருக்கின்றன.

மருந்துப் போத்தலின் லேபிளில் அடியில் ஒரு நிறப்பட்டை இருக்கும். அது மருந்தின் நச்சுக் கடுமையைச் சொல்வது. மெசினில் நீங்கள் போடும் நிறம் அதோடு குழம்பினால், மஞ்சள் மெசினுக்கு மஞ்சள் பட்டை மருந்து என்று யாராவது நினைத்துவிடுவார். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபிரித்துத் தெரியாது, அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. சொல்லும் நம்பரும் முதலில், நிறம் துணைக்கு என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. அடையாளத் தகட்டுக்கு இரும்புத் துண்டு தேடும்போது, காணி துப்புரவாக்கும் இடத்திலும் பற்றைக்குள்ளும் கிடக்கும் பழைய இரும்பில் கை வைக்கவேண்டாம். துப்பாக்கியின் வெற்று மகசின், ரவைக்கோது, துருப்பிடித்த பெட்டி எதுவாகவும் தோன்றலாம். வெறும் மகசின் என்று நினைத்து எடுப்பதன் உள்ளே ரவை இருக்கலாம், பக்கத்தில் வேறொன்று புதைந்திருக்கலாம். கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிப்போய்க் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். தகட்டுக்குப் பால்மா ரின்னை வெட்டினால் போதும்.

பம்ப், ஹோஸ்

பம்பின் என்ஜின் உடலில் ஆணியோ பஞ்ச்சோ வைத்துத் தட்டாதீர்கள். அது வார்ப்பு, வெடித்துவிடும். இயந்திரம் இருக்கும் இரும்புச் சட்டத்தில் அடியுங்கள். ஹோஸின் இரண்டு நுனியிலும் நம்பர் வேண்டும், ஒரு நுனி கிழிந்தால் வெட்டிவிடுவார்கள். அதோடு நீளத்தையும் மீற்றரில் எழுதி வைத்தால், 30 மீற்றர் போதுமானவருக்கு 60 மீற்றரைத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. வெட்டுப்பட்டு நீளம் குறைந்தால் திருத்தி எழுதுங்கள். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் பூட்டும் புட்வால்வைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு மறந்துபோவது வழமை, அதற்கும் நம்பர் உண்டு என்று கொப்பியில் இருந்தால் பம்ப் திரும்பி வரும்போது கேட்கலாம்.

படங்கு, சாக்கு, கதிரை, கிடாரம்

அறுவடை முடிந்து தை, மாசியில் தெருவோரம் நெல் காயும்போது நீலப் படங்குகள் வரிசையாகக் கிடக்கும். படங்கில் பெயின்ற் அடித்தால் மடிக்க மடிக்க வெடித்துவிடும். மூலையில் தடித்த பருத்தித் துணித் துண்டைப் போட்டுக் கையால் தைத்து, அந்தத் துணியில் எழுதுங்கள். கூடவே மூலை ஓட்டையில் சங்கத்துக்கென்று ஒரே நிறக் கயிறு முடிச்சு. தூரத்தில் இருந்தே தெரியும்.

சாக்குக்கும் கதிரைக்கும் எழுத்து வெட்டிய அச்சுத் தாள் வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிம் இதற்கு நல்ல சாமான், பெயின்ற்றில் ஊறாது, திரும்பத் திரும்பக் கழுவிப் பாவிக்கலாம். 4, 6, 8, 9, 0 வெட்டும்போது நடுத்துண்டு விழுந்துவிடும், அதைப் பிடித்து வைக்க ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்டுங்கள். தூரிகையால் இழுக்காமல், பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றுங்கள். பெயின்ற் கூடினால் தாளின் கீழே வழிந்து எழுத்து ஊறும்.

பிளாஸ்ரிக் கதிரையிலும் பெயின்ற் நெடுங்காலம் நிற்காது, ஆனால் இருக்கையின் அடிப்பக்கத்தில் அடித்தால் உரசல் இல்லாததால் கொஞ்சக் காலம் தாங்கும். செத்தவீடு, கலியாணவீடு என்று நாலு இடத்துக் கதிரை ஒன்றாகக் கலக்கும் இடத்தில் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எல்லாருக்கும் பழக்கம். முதுகுப்பக்கத்தில் பெரிதாகச் சங்கத்தின் பெயர் வேண்டும் என்று நிர்வாகத்தில் சிலர் நிற்பார்கள். ஒரு குடும்பம் துக்கத்தில் இருக்கும் வீட்டில் அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கிடாரம், அண்டா, அகப்பைக்குப் பாத்திரக்கடையில் பெயர் பொறிக்கச் சொல்லுங்கள். வாங்கும்போதே கேட்டால் சில கடைகளில் சும்மாவே செய்துதருவார்கள். மூடிக்கும் சேர்த்துச் சொல்ல மறக்கவேண்டாம்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

பொருள் வெளியே போகும்போது எடுப்பவரே நம்பரை வாய்விட்டு வாசிக்கட்டும், நீங்கள் கொப்பியில் எழுதுங்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. "என்ன கரைச்சல் இருந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஏதாவது சொன்னால் அவர் சொன்ன வார்த்தையிலேயே, திகதியோடு, அந்த நம்பரின் பக்கத்தில் எழுதுங்கள். பழுதான பொருளுக்கு அந்த இடத்திலேயே மஞ்சள் துணி ஒன்றைக் கட்டித் தனியாக வையுங்கள். துணி அவிழும்வரை அது யாருக்கும் போகக்கூடாது, தலைவரே வந்து கேட்டாலும்.

ஆவணியில் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்து, மங்கின எழுத்தைப் புதுப்பியுங்கள். காலபோக விதைப்பு தொடங்கிவிட்டால் ஒரு சாமானும் அறையில் தங்காது. அப்போது கொப்பியையும் புரட்டி, ஒரே பழுது மூன்று முறைக்குமேல் எழுதியிருக்கும் நம்பர்களைக் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

தள்ளிவிட்ட பொருளின் நம்பரைப் புதிதாக வாங்கினதற்குக் கொடுக்காதீர்கள். 3ஆம் நம்பர் மெசின் கழிந்துபோனால் 3 கழிந்ததுதான், புதியதற்கு அடுத்த வெற்று நம்பர். பழைய 3இன் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடும் திகதியும் போட்டு, மூடியும் குழாயும் நல்லதாக இருந்து வேறு மெசினுக்கு மாற்றியிருந்தால் எதற்கு மாற்றினது என்றும் எழுதிவிடுங்கள். அது களை மெசினாக இருந்தால் அதன் குழாய் இன்னொரு களை மெசினுக்குத்தான் போகவேண்டும்.